வலிக்காத பல்லெல்லாம் நல்ல பல் அல்ல

பல் எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும், "எனக்கென்ன, வலியே கிடையாது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வலித்தால் நோய், வலிக்காவிட்டால் சுகம் என்ற இந்தக் கணக்கு வாயைப் பொறுத்தவரை அடியோடு தப்பு. சொத்தைப் பல் வலிக்கத் தொடங்கும்போது சொத்தை தன் வேலையில் பாதியை முடித்திருக்கும். ஈறு நோயோ பல் ஆடத் தொடங்கும் வரைக்கும்கூட வலிக்காமலே இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய் நல அறிக்கையின்படி, உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு வாய் நோய் இருக்கிறது. வலி வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் இந்த நோய்களுக்கு நாம் தரும் பெரிய சலுகை.

சரி, வலியை நம்ப முடியாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? முதலில் ஈறைப் பாருங்கள்.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழுதட்டை விரலால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈறும் பல்லும் சேரும் விளிம்புதான் கவனிக்க வேண்டிய இடம். நல்ல ஈறில் அந்த விளிம்பு மெல்லியதாக, பல்லோடு இறுக ஒட்டியிருக்கும். இரண்டு பற்களுக்கு நடுவே ஒரு சின்ன முக்கோணமாக மேலேறி, இடைவெளியை நிரப்பி நிற்கும். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். சிலருக்கு ஆரஞ்சுப் பழத்தோலில் இருப்பது போன்ற நுண்ணிய குழிகளும் தெரியும். அவை இல்லாவிட்டாலும் குறையில்லை. வீங்கிய ஈறில் விளிம்பு உருண்டு தடித்திருக்கும், மேற்பரப்பு மழமழவென்று மினுங்கும், நடு முக்கோணத்தின் நுனி மொண்ணையாகிவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும் என்று படங்களில் பார்த்துவிட்டு, தன் ஈறு கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். தோலுக்கு நிறம் தரும் மெலனின்தான் ஈறுக்கும் நிறம் தருகிறது. சிறு வயதிலிருந்தே இருக்கும் பழுப்போ கறுப்போ இயல்பானது. அதை நோயாக எண்ணி வெளுக்க வைக்கத் தேவையே இல்லை. மாற்றம்தான் முக்கியம். நேற்று வரை ஒரு நிறத்தில் இருந்த ஈறின் விளிம்பு கன்றிச் சிவந்தாலோ ஊதா கலந்தாலோ அங்கே அழற்சி இருக்கிறது. பல்லுக்கும் இதே கதைதான். பல்லின் வெளி அடுக்கான எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற உள் அடுக்கு இயல்பிலேயே மஞ்சள் கலந்தது. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் அந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. தாளைப்போல வெளுத்த பல்தான் நல்ல பல் என்று பல் மருத்துவம் எங்கும் சொல்லவில்லை.

இந்த அடையாளங்கள் எல்லாவற்றையும்விட நம்பகமானது ரத்தம். பல் துலக்கித் துப்பும்போது நுரையில் சிவப்பு தெரிந்தால் அது ஈறு பேசுவது. "பிரஷ் குத்திவிட்டது" என்று சமாதானம் சொல்லிக்கொள்வது வழக்கம். நல்ல ஈறு மென்மையான பிரஷுக்கெல்லாம் ரத்தம் விடாது. ஈறின் விளிம்பில் நுண்ணுயிர்கள் பிசுபிசுப்பான ஒரு படலமாகப் படிகின்றன. பல் மருத்துவர்கள் இதை பிளாக் என்பார்கள், தமிழில் பற்படலம். அதை எதிர்க்க உடம்பு அந்த இடத்துக்குக் கூடுதலாக ரத்தத்தை அனுப்புகிறது. நாளங்கள் விரிகின்றன. பல்லை ஒட்டிய ஈறின் உட்பக்கத் தோல் மெலிந்து நுண்ணிய புண்ணாகிறது. அந்தப் புண்ணில் பிரஷ் பட்டதும் ரத்தம் கசிகிறது. காயத்தை உண்டாக்கியது பிரஷ் அல்ல, ஏற்கெனவே இருந்ததை அது காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவியது 1965இல் வெளியான ஓர் ஆய்வு. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஈறு நன்றாக இருந்த 12 பேரைத் தேர்ந்தெடுத்து, பல் துலக்குவதை அறவே நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. ஒருவர்கூடத் தப்பவில்லை. மறுபடி ஒழுங்காகத் துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மருந்தோ மாத்திரையோ இல்லை. படலத்தை எடுத்ததுதான் சிகிச்சை. வாய் நலத்தைப் பற்றி ஒரே ஓர் ஆய்வைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதைத் தெரிந்துகொண்டால், ரத்தம் வந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய தவறு என்பது விளங்கும். ஒதுக்கிய இடத்தில் படலம் இன்னும் தடிக்கும், அழற்சி கூடும், ரத்தமும் கூடும். செய்ய வேண்டியது நேர் எதிரானது: மென்மையான பிரஷால், அழுத்தாமல், அந்த இடத்தையே குறிவைத்துத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் குறைந்து நின்றுவிட்டால் சரி. நிற்கவில்லை என்றால் நம் கை எட்டாத இடத்தில் ஏதோ இருக்கிறது, பல் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். யாரும் தொடாமல் ஈறில் தானாக ரத்தம் வடிந்தாலோ, உடம்பில் காரணமில்லாமல் கன்றிய தடங்களும் சேர்ந்து தென்பட்டாலோ அது வேறு விஷயம். ரத்த நோய்கள் சில அப்படித்தான் முதலில் தலைகாட்டும். அப்போது காத்திருக்கக் கூடாது.

ஈறு அழற்சி வரைக்கும் திரும்பி வர வழி இருக்கிறது. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் நிரந்தர இழப்பு. பல், தாடை எலும்போடு ஒட்டிப் பதிக்கப்பட்டது அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் இடைவெளி. அதில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நார்கள்தான் பல்லைத் தாங்குகின்றன. அழற்சி ஈறைத் தாண்டி உள்ளே இறங்கும்போது இந்த நார்கள் அறுகின்றன, எலும்பு கரைகிறது. ஈறு பல்லைவிட்டு விலகி ஒரு பை போல ஆழமாகிறது. அந்தப் பைக்குள் காற்று புகாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் செழிக்கின்றன. பிரஷ் அவ்வளவு ஆழத்துக்குப் போகாது.

பல் மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறின் ஓரத்தில் இறக்கி, "மூன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லிக்கொண்டே போவதைக் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஆறு இடங்களில் அளப்பது வழக்கம். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. 4 என்று வந்தால் கவனம் வேண்டும். 6, 7 என்று போனால் எலும்பு கரைந்திருக்க வாய்ப்பு அதிகம், எக்ஸ்ரேயில் அது தெரியும். அளந்து முடித்ததும் உங்கள் எண்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்த அழுத்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பவர்கள்கூட இதைக் கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

இந்தக் கட்டத்தில் வெளியே தெரியும் அடையாளங்கள்: ஈறு இறங்கி பல் நீண்டுவிட்டது போன்ற தோற்றம், முன்பற்களுக்கு நடுவே புதிதாக விழும் இடைவெளி, கடிக்கும்போது பற்கள் முன்போலப் பொருந்தாமை, துலக்கியும் போகாத வாய் நாற்றம், ஈறை அழுத்தினால் சீழ். கரைந்த எலும்பு பெரும்பாலும் பழைய உயரத்துக்குத் திரும்புவதில்லை. ஆனால் நோயை அந்த இடத்திலேயே நிறுத்திவிட முடியும், நிறுத்திய பிறகு அதே பற்களை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளவும் முடியும். "வயதானால் பல் விழத்தான் செய்யும்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. வயது பல்லைப் பிடுங்குவதில்லை. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட அழற்சிதான் அந்த வேலையைச் செய்கிறது.

புகைபிடிக்கிறவர்கள் ஒன்றைத் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். புகை ஈறின் ரத்த ஓட்டத்தையும் அழற்சியின் வெளி அடையாளங்களையும் மட்டுப்படுத்துகிறது. நோய் உள்ளே மும்முரமாக நடந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. எச்சரிக்கை மணி அறுந்துவிடுகிறது, நோயோ மற்றவர்களைவிட வேகமாகப் போகிறது. புகையை விட்ட புதிதில் ஈறில் ரத்தம் கூடுவதாகச் சிலர் சொல்வார்கள். அது கெட்ட செய்தி அல்ல, ஈறு மறுபடி இயல்பாக வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது.

அடுத்து காரை. எடுக்காமல் விட்ட பற்படலம் உமிழ்நீரில் இருக்கும் தாதுக்களை உறிஞ்சிக் கல்லாக இறுகுவதுதான் காரை. அது அதிகம் படிவது இரண்டு இடங்களில்: கீழ் முன்பற்களின் பின்பக்கம், மேல் கடைவாய்ப்பற்களின் கன்னம் பார்த்த பக்கம். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அங்கேதான் திறக்கின்றன. கீழ் முன்பற்களின் பின்னால் நாக்கு நுனியை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இல்லாமல் சொரசொரவென்று ஒரு திட்டு தட்டுப்பட்டால் அது காரையாக இருக்கலாம். அதை எந்த பிரஷாலும் எந்த பேஸ்ட்டாலும் எடுக்க முடியாது. பல் மருத்துவர் கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அதுதான் ஸ்கேலிங்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. அந்த பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஈறு ஏற்கெனவே இறங்கி, எலும்பு ஏற்கெனவே கரைந்த இடத்தைக் காரை நிரப்பி வைத்திருக்கும். ஆடும் பற்களைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்தும் வைத்திருக்கும். அதை எடுத்ததும் மறைந்திருந்த இடைவெளி வெளியே வருகிறது, கூச்சமும் சில நாள் இருக்கும். பார்க்கிறவருக்கு ஸ்கேலிங்தான் கெடுத்தது போலத் தோன்றும். காரையை அப்படியே விட்டால் அதன் சொரசொரப்பில் படலம் மேலும் மேலும் படிந்து மிச்ச எலும்பையும் கரைக்கும்.

இதுவரை சொன்னது பல்லைத் தாங்கும் பகுதியின் கதை. பல்லையே அரிக்கும் சொத்தை வேறு வழியில் வருகிறது. எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. ஆனால் அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் சேரும், தோல் கிழிந்தால் வளரும். உடைந்த எனாமல் வளராது. வாயில் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சாப்பிட்டு அமிலத்தைக் கழிக்கின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்பதை டபிள்யூ. டி. மில்லர் என்ற பல் மருத்துவர் 1890இல் விளக்கினார். வாயின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவு (அமிலம் கூடினால் இது குறையும்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறத் தொடங்கும். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் அந்த அளவு இறங்கிவிடுகிறது. உமிழ்நீர் அதைப் பழையபடி ஏற்ற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். ஏறிய பிறகு உமிழ்நீரில் இருக்கும் தாதுக்கள் மறுபடி பல்லில் படிகின்றன. நாள் முழுக்க இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டே இருக்கும்.

இதனால்தான் எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதும் அவ்வளவு முக்கியமாகிறது. ஒரு கோப்பை இனிப்புப் பானத்தைச் சாப்பாட்டோடு குடித்து முடித்தால் பல்லுக்கு ஒரே ஒரு தாக்குதல். அதே கோப்பையை வேலை பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் உறிஞ்சினால் பிஹெச் ஏறவே வாய்ப்பில்லை. ஸ்வீடனின் வீப்பேஹோல்ம் காப்பகத்தில் 1940களில் தொடங்கிய ஆய்வு இதைத்தான் காட்டியது. வேளைகளுக்கு நடுவே பல்லில் ஒட்டும் மிட்டாயைத் தின்றவர்களுக்குச் சொத்தை மிக அதிகமாக வந்தது. சாப்பாட்டோடு சர்க்கரை சேர்ந்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. அறிவு வளர்ச்சி குன்றியவர்களைக் காப்பகத்தில் வைத்து, அவர்கள் பல் கெடும் என்று தெரிந்தே மிட்டாய் கொடுத்த ஆய்வு அது. அதன் முடிவைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அந்த அநியாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

சொத்தையின் முதல் அடையாளம் கறுப்பு அல்ல, வெள்ளை. பல்லை உலர்த்திப் பார்த்தால் ஈறின் ஓரமாக மினுமினுப்பில்லாமல், சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். எனாமலுக்கு உள்ளே தாது குறைந்திருக்கிறது, மேற்பரப்பு இன்னும் உடையவில்லை. குழி விழாத இந்தக் கட்டத்தில் பேஸ்ட்டில் சேர்க்கும், எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடும் சுத்தமும் இருந்தால் துளைபோடாமலே சொத்தையை நிறுத்தலாம். மேற்பரப்பு உடைந்து குழியானால் அப்புறம் அடைக்கத்தான் வேண்டும்.

சொத்தை ஆழமாகிவிட்டால் வலியையும் கொஞ்சம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். குளிர்ச்சி பட்டதும் சுருக்கென்று வந்து உடனே போய்விடும் கூச்சம், டென்டின் வெளியே தெரிவதால் இருக்கலாம்; பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சூடு பட்டு ஆரம்பித்து நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ பல்லின் உள்ளே இருக்கும் நரம்புக்கூழ் பழுதாகிக்கொண்டிருக்கிறது, வேர் சிகிச்சை வரை போகலாம். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது, பல நாள் துடித்த பல் ஒரு நாள் திடீரென்று அமைதியாகிவிடுவது. நிம்மதி என்று மருத்துவரிடம் போவதை அப்போதுதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பல்லின் நரம்பு செத்திருக்கலாம். தொற்று வேரின் நுனி வழியாக எலும்புக்குள் போய்க்கொண்டிருக்கலாம். அதோடு முகம் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பராமரிப்பைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்புதான் அதிகம், செய்வதில்தான் குறை. மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் விளிம்பை நோக்கிச் சுமார் 45 டிகிரி சாய்த்து வைத்து, நார்களின் நுனி ஈறின் ஓரத்தில் லேசாக நுழையும்படி, இருந்த இடத்திலேயே சின்னச் சின்ன அசைவாக அசைக்க வேண்டும். அப்புறம் அடுத்த இரண்டு பற்கள். இப்படி வாய் முழுக்கச் செய்ய இரண்டு நிமிடமாவது ஆகும். பலர் பல்லின் நடுவை நன்றாகத் தேய்க்கிறார்கள், படலம் கூடு கட்டும் விளிம்பை விட்டுவிடுகிறார்கள். முழு வலுவோடு குறுக்காகத் தேய்ப்பது ஈறை இறக்கி, வேரின் கழுத்தில் பள்ளம் விழ வைக்கும். பிரஷின் நார்கள் சில வாரத்திலேயே பரந்து விரிந்துவிட்டால் நீங்கள் அழுத்துவது அதிகம் என்று அர்த்தம்.

இரண்டு வேளையில் ராத்திரி வேளையை விடவே கூடாது. தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். அமிலத்தைக் கழுவ ஆளில்லை. பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் வரை ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் போதும். அளவு டியூபிலேயே போட்டிருக்கும். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீரால் கொப்பளிக்காமல் விடுங்கள். கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். பழகச் சில நாளாகும், ஆனால் செலவில்லாமல் கிடைக்கும் பலன். புளித்த பானம் குடித்த பிறகோ வாந்தி எடுத்த பிறகோ உடனே துலக்க வேண்டாம். அமிலத்தில் இளகிய எனாமலை பிரஷ் தேய்த்து எடுக்கும். வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

பற்களுக்கு நடுவே பிரஷ் போகாது. இடைவெளி இருந்தால் அதற்கேற்ற சின்ன இடைப்பிரஷ், நெருக்கமாக இருந்தால் டென்டல் ஃபிளாஸ் என்ற மெல்லிய நூல், தினம் ஒரு முறை. ஈறு நோய் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் தொடங்குகிறது. வாய் கொப்பளிக்கும் மருந்து எதுவும் இந்த வேலைக்கு மாற்றாகாது, ஒட்டிய படலத்தைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

உடம்பின் மற்ற நிலைகளும் வாயில் தெரியும். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் கூடும்; ஈறு நோய் கடுமையானால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் அதே அளவு படலத்துக்கு ஈறு அதிகமாக வீங்கும். அந்தச் சமயத்தில் பல் மருத்துவரிடம் போகக் கூடாது என்பது தவறான எண்ணம். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபைன், அம்லோடிபைன் போன்ற மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மருந்தைத் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல மாத்திரைகள் வாயை உலர வைக்கும், உலர்ந்த வாயில் சொத்தை படுவேகமாகப் பரவும்.

குழந்தைகள் விஷயத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு பிசகு இது. ஆறு வயது வாக்கில், எந்தப் பால்பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். அது நிரந்தரப் பல். இதுவும் பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆழமான பள்ளங்கள் கொண்ட அந்தப் பல்லில் சொத்தை எளிதாக விழும். அதற்கு மாற்றுப் பல் கிடையாது. அது முளைத்ததும் பள்ளங்களை மூடும் பூச்சு போட்டுக்கொள்ளலாமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு, கூடவே பெரியவர் ஒருவரின் கை. சின்னக் கைகளால் தனியாக ஒழுங்காகத் துலக்க முடியாது.

மாதம் ஒரு முறையாவது துலக்கி முடித்த கையோடு வாய் முழுவதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நாக்கை வெளியே நீட்டி இரண்டு பக்க ஓரங்களையும், மேலே தூக்கி அடிப்பகுதியையும், கன்னத்தின் உட்பக்கத்தையும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணம் தெரியாத கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் வலி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் காட்டிவிட வேண்டும். புகையிலை பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை, அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் குணமாக்கும் வாய்ப்பும் அதிகம்.